மைனஸுக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி

அன்புள்ள வாலுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார், அம்மா தேறிட்டு வர்றா, நீ லீவு போட்டு அலையாதே என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். அதனால்தான் காகிதம், மருந்துக்கடைப் பெண் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றாள். நான் தேறவில்லை கண்ணு. கணையத்தில் இருந்த கட்டி பரவிவிட்டது, இனிமேல் வலிக்குத்தான் மருந்து என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உன் அப்பாவும் கூடத்தான் இருந்தார். மோட்டார் மெக்கானிக் புத்தி எங்கே போகும், தலைக்கு மேலே சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதுக்கு பேரிங் போயிடுச்சு டாக்டர் என்றார்.

போன தடவை வந்தபோது பழைய பம்ப் மோட்டாருக்குப் போனில், இன்டர்நெட்டில் பார்ட்ஸ் தேட அவருக்குக் கற்றுக்கொடுத்தாயே. ஐயா வணக்கம் என்று தொடங்கி முழுக் கதையும் எழுதியவரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாய். கதையெல்லாம் வேண்டாம்ப்பா, முக்கியமான வார்த்தையை மட்டும் போடுங்க, வேண்டாத வார்த்தைக்கு முன்னால மைனஸ் போட்டு ஒட்டி எழுதுங்க, அந்த வார்த்தை இருக்கிற பக்கமே வராது என்றாய். புது மோட்டார் விளம்பரங்கள் அதோடு ஒழிந்தன. இப்போது என் நோயின் பெயரைப் போட்டு, பக்கத்தில் மைனஸ் மரணம் என்று போடுகிறார். டைப் பண்ணும்போது வாய்விட்டுச் சொல்லுவாரே, கட்டிலில் கிடக்கிற எனக்கு எல்லாம் கேட்கிறது. அந்தச் சொல் உள்ள பக்கங்களைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது கேரட் சாறும் மூச்சுப் பயிற்சியும்தான். நிறைய பேருக்குச் சரியாயிருக்காம் என்று டம்ளரை நீட்டுவார். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும், இருந்தாலும் குடித்துவிடுவேன்.

போன வாரம் ஒரு நாள் அந்த முணுமுணுப்பு சட்டென்று நின்றுபோனது. விரல் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. என்ன போட்டிருக்கு என்று கேட்டேன். டவர் கிடைக்கல என்று சொல்லி, போனை என் கால்மாட்டில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எட்டி எடுத்துப் பார்த்தேன். மைனஸுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே அவருடைய தடித்த விரல் பட்டு ஒரு இடைவெளி விழுந்திருந்தது. ஒட்டாமல் எழுதினால் அது விலக்காது போலிருக்கிறது, கேட்கிற பொருளாகவே எடுத்துக்கொண்டு, எதை வேண்டாம் என்றாரோ அதையே பக்கம் பக்கமாகக் கொட்டி வைத்திருந்தது. எல்லாவற்றையும் படித்திருக்கிறார் பாவி மனுஷன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, சாறு போடட்டுமா என்றார். போடுங்க என்றேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் நடிக்கிறோம், யாருக்கு நடிக்கிறோம் என்றுதான் தெரியவில்லை.

நானும் ஒன்று தேடினேன், சிரிக்காதே. மனைவி போன பிறகு தனியாக இருக்கும் ஆண் என்ன செய்வது என்று போட்டேன். மணமகள் தேவை விளம்பரங்களாக வந்து விழுந்தன. நான் இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் அதற்கு என்ன அவசரம் பார். அது நம் சொற்களைத்தான் பொறுக்குகிறது, நெஞ்சில் இருப்பதை எப்படி எடுக்கும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். எனக்குச் சாவதற்குப் பயம் இல்லை என்றால் பொய், ஆனால் அதைவிட இந்த மனிதர் அழாமல் சுற்றி வருவதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் முன்னால் அவர் அழமாட்டார், உன்னை விட்டால் வேறு யாரும் அவருக்கு இல்லை.

டிக்கெட் போட்டுவிட்டு அப்பாவிடம் சும்மா பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எடுத்ததற்கெல்லாம் மல்லுக்கு நிற்காதே, இரண்டு பேரும் நூறு வயசு ஒற்றுமையாக இருங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. வந்ததும் என் கட்டிலுக்கு ஓடி வராதே. முதலில் அவரைக் கட்டிக்கொள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடக்கிறேன், அவர் அழுது முடிக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா