அப்பாவின் வலது கைக்குக் கருங்காலி

அப்பா,

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து மேசைப் பெண் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறதாம்.

"அக்கா, இதுல எது நல்லாருக்குதுங்க? ஆம்பளைங்க போடற மணி பிரேஸ்லெட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம் போட்டிருக்காங்க பாருங்க. இது தைரியத்துக்கு, இது மனசு அமைதிக்கு, இது கண்ணு படாம இருக்கறதுக்கு..."

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பழுப்பு, நீலம், பச்சை என்று வந்து, கடைசியில் கருப்பு மணிகள் வந்தன. கருங்காலி. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அப்புறமாப் பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றேன்.

ஒரு ஆணின் கைக்கு மணி தேடி நான் அலைந்த கதையை அவளிடம் எங்கிருந்து தொடங்குவது? உங்களிடமே நான் அதை முழுதாகச் சொன்னதில்லை. சொன்னதில் பாதி பொய்.

அம்மாவும் போய், என் கல்யாணமும் நிலைக்காமல் போய், கணபதி ஏரியா வீட்டில் நாம் இரண்டு பேர்தான் என்று ஆன பிறகு உங்களுக்கு மறதி வந்தது. முதலில் மூக்குக் கண்ணாடியை மறந்தீர்கள். அப்புறம் காலையில் சாப்பிட்டதை. ஒருநாள் பால் வாங்கப் போனவரைச் சரவணம்பட்டி சிக்னலுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்களைப் பார்த்தபடி நின்றிருந்தீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் அன்னூர் தடத்தில் கண்டக்டராக இருந்தவருக்கு அந்த ரோட்டில் எந்தப் பக்கம் நம் வீடு என்று தெரியவில்லை.

"கையிலயோ சட்டையிலயோ உங்க நம்பர் எப்பவும் இருக்கட்டுங்க" என்றார் டாக்டர்.

சொல்வது சுலபம். சட்டைப் பையில் சீட்டு எழுதி வைத்தேன். பழைய டிக்கெட் என்று நினைத்துச் சுருட்டிப் போட்டீர்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டினேன். அதை இரண்டு நாள் கழித்து அரிசி டிரம்முக்குள்ளிருந்து எடுத்தேன். ரப்பர் பட்டை ஒன்றில் எண் அச்சடித்து வந்தேன். அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறிவிட்டது.

"ஏன் அம்மணி, நாய்க்குக் கட்டற பட்டையாட்ட என்னத்தைக் கொண்டாந்து கட்டறே? நான் தொலைஞ்சு போறவனா? ஊரு சனத்தையெல்லாம் ஊடு கொண்டுபோய்ச் சேத்துனவன் நான்."

அன்று நான் கத்தினேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த வாரத்தில் ஒருநாள், பகலில் உங்களுக்குத் துணையாக வரும் அக்கா வராததால் உங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அரை நாளில் திரும்பி வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். "எறங்கறவங்க எறங்குங்க, ஸ்டாப் வந்துருச்சுங்க" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு உங்களைப் பூட்டி வைக்கவில்லை. வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை டவுன்ஹால் பக்கம் போனேன். மணிக்கூண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் மணிகள் கோத்துக் கொடுக்கும் கடை ஒன்று. தாடி நரைத்த பாய் ஒருவர் தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து நூலை மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளைங்க கையில போடற மாதிரி வேணுங்க" என்றேன்.

"பையனுக்கா தங்கச்சி? ஊட்டுக்காரருக்கா?"

"எங்கப்பாவுக்குங்க."

தட்டுத் தட்டாக எடுத்து வைத்தார். ருத்ராட்சம் வேண்டாம் என்றேன். கறி தின்கிற கையில் அதைக் கட்டக் கூடாது என்று சொல்கிறவர் நீங்கள். ஸ்படிகம் பார்த்தால் பொம்பளைப் பாசி என்பீர்கள். சந்தனம் நன்றாக இருந்தது, ஆனால் வாசனையாக இருந்தால் நீங்கள் வாயில் வைத்துப் பார்க்கிற காலம் அது. புலிக்கண் கல் பளபளத்தது. பளபளப்பது எதையும் நீங்கள் ஆயுளில் போட்டதில்லை. எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைத்ததைப் பார்த்து அவர் நூலைக் கீழே வைத்தார்.

"எதுக்குன்னு சொன்னீங்கன்னா நான் எடுத்துத் தருவனுங்க. ஒடம்புக்கா, தொழிலுக்கா, மனசுக்கா?"

"எங்கப்பாவுக்கு வழி மறந்து போயிருதுங்க" என்றேன். "ஊட்டுக்கு வரத் தெரியறதில்லீங்க."

அதுவரை வேலை செய்யும் இடத்தில்கூட நான் அதைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு அழுதேன். அவர் தண்ணீர் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கருங்காலியை எடுத்தார். "கனமிருக்காதுங்க. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. எலாஸ்டிக் வேண்டாம், இழுத்துக் கழட்டிருவாரு. நைலான் நூல்ல முடிச்சுப் போட்டுத் தாரேன். நடுவுல சின்னதா ஒரு வெள்ளித் தகடு. முன்னால அவுங்க சாமி, பின்னால உங்க நம்பரு."

எதிர்ப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம் அவரே தகட்டைக் கொண்டுபோனார். முன்பக்கம் ஒரு வேல். பின்பக்கம் என் எண். உங்கள் மணிக்கட்டின் அளவை நூலில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வலது கை. கடிகாரத்தைக்கூட வலது கையில் கட்டியவர்தானே நீங்கள்.

பிரேஸ்லெட் கிடைத்துவிட்டது. அதை உங்களைக் கட்டிக்கொள்ள வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பொய் ஒன்றைத் தயார் செய்தேன்.

"அப்பா, டிரைவர் மாமா சென்னிமலைக்குப் போயிட்டு வந்தாருங்களாம். உங்களுக்குன்னு சாமிகிட்ட வெச்சு வாங்கிக் குடுத்துவிட்டிருக்காருங்க."

டிரைவர் மாமா அன்னூர்க்காரர். ஒரே வண்டியில் உங்களோடு பாதி ஆயுள் ஓட்டியவர். வருடா வருடம் இரண்டு பேரும் சேர்ந்து சென்னிமலைப் படியேறியவர்கள். அவர் செத்து ஆறு வருடமாகியிருந்தது. பாடையை முன்னால் நின்று தூக்கியவர் நீங்கள். அது உங்களுக்கு நினைவில்லை என்று தெரிந்துதான் அவர் பேரை எடுத்தேன்.

உங்கள் முகம் மலர்ந்ததே, அதை எப்படிச் சொல்ல! "அவனா குடுத்தான்? அவனா?" என்று இரண்டு தடவை கேட்டு, கையை நீட்டினீர்கள். நான் முடிச்சை இறுக்கும்வரை அசையாமல் இருந்தீர்கள். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் தொடங்கியது.

"டிரைவரு ஏன் அம்மணி ஊட்டுக்கு வரலே?"

"வேலையா இருக்காருங்கப்பா."

மதியம் அக்காவிடம் கேட்டீர்கள். சாயந்தரம் என்னிடம் கேட்டீர்கள். "குடுத்துட்டு எட்டிக்கூடப் பாக்காமப் போயிட்டானே. எம்மேல வருத்தமா அவனுக்கு?" தினமும் ஒரு பதில் தேவைப்பட்டது. காய்ச்சல் என்றேன். அவர் பேத்திக்குச் சீர் என்றேன். வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கிறது என்றேன். ஒரு பொய்யைக் கட்டி உங்கள் கையில் போட்டுவிட்டு, அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தேன். பல் துலக்கும்போதே அன்றைய பதிலை யோசிப்பேன். எனக்கு அலுத்துவிட்டது அப்பா. அலுத்துப்போய் ஒருநாள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றுதான் நீங்கள் போனீர்கள்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா துணி காயப்போட மாடிக்குப் போய் வந்த இடைவெளி. அவர் போனில் அழுதபோது பதினொரு மணி. நான் கணபதி முழுக்கச் சுற்றினேன். கோயில், பேக்கரி, சலூன், பஸ் ஸ்டாப். எல்லோரிடமும் உங்கள் படத்தைக் காட்டினேன். இரண்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏனுங்க, அன்னூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து பேசறனுங்க. பழக்கடைங்க. இங்க ஒரு பெரியவரு இருக்காருங்க. பயப்படாதீங்க, நல்லாருக்காரு. எங்கடையிலதான் உக்காந்திருக்காரு, வாழப்பழம் சாப்புட்டாரு."

கோவில்பாளையம், கணேசபுரம் எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் மர ஸ்டூலில் உட்கார்ந்து, வெளியே போகிற வண்டிகளுக்கு ஒற்றைக் கையால் ரைட் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பழக்காரம்மா சொன்னார். பஸ்ஸில் நீங்கள் உட்காரவே இல்லையாம். படிப்பக்கம் நின்று ஒவ்வொரு ஊர்ப் பேராகக் கூப்பிட்டீர்களாம். சிலர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வண்டிக் கண்டக்டர் புரிந்துகொண்டு, உங்களைத் தன் பக்கத்தில் நிறுத்தி, விழாமல் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த டிரிப்புக்கு நேரமானதால் பழக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கையில நம்பர் இருந்ததை நீங்க பாத்தீங்களாங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கீங்க பாத்தேன்? பெரியவருதான் கையத் திருப்பிக் காட்டுனாரு. 'இது என்ற புள்ளை நம்பரு. கூப்புடுங்க, வந்துரும்'னாருங்க."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"டிரைவரைப் பாக்கலாம்னுதான் அம்மணி வந்தேன். அவன் ஊட்டுப் பக்கம் வரமாட்டீங்கறான். நாமளாச்சும் போய்க் கேப்போம்னு."

நான் சொன்ன பொய்தான் உங்களை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கூட்டத்தில், பழக்காரம்மாவின் எதிரில், உங்கள் முன்னால் குத்தவைத்து உண்மையைச் சொன்னேன். "டிரைவர் மாமா இல்லீங்கப்பா. செத்து ஆறு வருசமாச்சுங்க. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க." அப்போதுதான் சாவுச் செய்தி வந்தது போல நீங்கள் அழுதீர்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கு ஒருத்தரும் சொல்லலையே, எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். திரும்பும் வழியெல்லாம் என் முதுகில் உங்கள் நெற்றி பட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை காபி டம்ளரை வைத்தேன். "டிரைவரு இன்னிக்காச்சும் வாரானா?" என்றீர்கள்.

"நாளைக்கு வாரேன்னாருங்கப்பா" என்றேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல நான் முயலவில்லை. ஒரே சாவை ஒரு மனிதன் எத்தனை முறை தாங்குவான்? பதில்களும் தேடவில்லை. 'நாளைக்கு' என்ற ஒரே பதிலை ஒன்றரை வருடம் சொன்னேன். நீங்களும் ஒவ்வொரு முறையும் சரி என்றீர்கள்.

அன்னூரில் அந்தத் தகட்டைத் திருப்பிக் காட்டியது எந்த நீங்கள் என்று பிறகு பல நாள் யோசித்தேன். நண்பன் கொடுத்தது என்று நம்பிக் கட்டிக்கொண்டவரா? மகள் செய்த வேலை என்று முதல் நாளே தெரிந்துகொண்டு, தெரியாதது போலக் கையை நீட்டியவரா? ஒருநாள் கேட்டும் பார்த்தேன். "இது யாரு நம்பருங்கப்பா?" தகட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வேல் நல்லாருக்குது" என்றீர்கள். அதற்குள் உங்கள் நினைவில் அந்த இடம் அழிந்துவிட்டது. எனக்கு இனி விடை கிடைக்காது.

மார்கழியில் சளி நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் கை வீங்கியதால் நர்ஸ் கத்தரியால் நூலை வெட்டினார். மணிகள் கட்டிலுக்கு அடியில் ஓடின. அந்தப் பெண்ணும் நானும் குனிந்து பொறுக்கினோம். மூன்று குறைந்தது. "தேடலாங்கக்கா, அக்கட்ட, அந்தப் பக்கமாப் போயிருக்கும்" என்றார் அவர். வேண்டாம் என்றேன். மூன்று வருடம் உங்களைத் தெருத்தெருவாகத் தேடியவள் நான். மூன்று மணிகளைத் தேட முடியவில்லை. நீங்கள் வெறும் கையோடுதான் போனீர்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து பதினான்கு மணி நேரம் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அது லேசாக இருந்ததற்காக அன்றைக்கு முழுக்க உங்கள் படத்தின் பக்கம் போகவில்லை.

பக்கத்து மேசைப் பெண்ணுக்கு நாளைக்கு ஏதாவது சொல்ல வேண்டும். அர்த்தத்தைப் பார்க்காதே, அவர் கையை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு வாங்கு என்று சொல்லலாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெரியாத எண் ஒன்று கூப்பிட்டது. முதல் மணி முடிவதற்குள் எடுத்து, "எங்கிருக்காருங்க?" என்றேன்.

மறுமுனையில் ஒரு பெண் குழம்பிப்போனாள். "மேடம், யாரைக் கேக்கறீங்க? நாங்க இன்சூரன்ஸ்ல இருந்து பேசறோம்."

"ஒண்ணுமில்லீங்க. நீங்க சொல்லுங்க" என்றேன்.

பாவம், அவள் முழுதாகச் சொன்னாள். நானும் முழுதாகக் கேட்டேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். வாசல்படியில் நின்றிருந்தேன். காலில் செருப்பு இருந்தது, கையில் ஸ்கூட்டர் சாவி இருந்தது.