ஷெட்டுச் சூடு

மாப்ள,

என் தங்கச்சிக்கு ரத்தம் எடுக்கப் பஞ்சில் ஸ்பிரிட் தடவினார்கள். அந்த வாசனையில் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

போன வருடம் பல்லடத்தில், உங்கள் கோழிப்பண்ணையில் குஞ்சு இறக்கிய வாரம். ஷெட்டைச் சுற்றிப் படுதா, உள்ளே வரிசையாகக் குண்டு பல்பு. குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். அதைப் பார்த்துப் பல்பை ஏற்றி இறக்கிக்கொண்டே உன் காலேஜ் பாடத்தைப் பேசினாய்.

"சில கிருமிக்கும் இப்படிச் சூடு தெரியும் மாப்ள. எல்லாம் அதோட ஆர்என்ஏ வேலை."

"அது ஆருன்னே எனக்குத் தெரியாதே."

"வாய மூடிட்டுக் கேளுடா."

குளிரில் அந்த ஆர்என்ஏ இழை தன்மேலேயே மடிந்து கிடக்குமாம். புரதம் செய்யத் தொடங்க வேண்டிய இடம் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். நம் உடம்புச் சூடு பட்டதும் மடிப்பு அவிழும். நோயைக் கிளப்பும் மரபணுக்கள் வேலையை ஆரம்பிக்கும்.

"உன்ற லுங்கியாட்ட. அவுந்தா ஊருக்கே ஆபத்து" என்றேன். சிரித்தாய். முகம் சிவந்திருந்தது.

உங்கள் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஷெட்டுச் சூடு கண்ணு, வெளிய வந்தா ஆறிரும்" என்றார். குஞ்சு இறக்கிய வாரம் உங்கள் வீட்டில் யாரும் ஷெட்டை விட்டு நகர்வதில்லை. நீயும் நகரவில்லை. கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் தொற்று பரவிவிட்டது என்றார்கள். நீ உயிரோடு திரும்பவில்லை. உன் கிருமியிடம் அந்த மடிப்பு இருந்ததோ என்னவோ. எங்கள் கைகளுக்குத்தான் பல்புச் சூடும் காய்ச்சலும் ஒன்றுபோலப் பட்டன.

இன்று காலை தங்கச்சிக்கு உடம்பு கொதித்தது. "வெயில்ல ஆடிப்போட்டு வந்தா, அந்தச் சூடு. கசாயம் குடிச்சா எறங்கிரும்" என்றார் அம்மா.

"ஆட்டோவுக்குச் சொல்லிட்டேம்மா. கெளம்புங்க."

"வெளையாடறயா? போன வாரம் குழம்புல ரப்பர் பல்லி போட்டவந்தான நீ?"

கிண்டல் செய்யாமல் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் அம்மா பயந்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டார்.

தங்கச்சி இப்போது அம்மா மடியில் தூங்குகிறாள். வெறும் வெயில் காய்ச்சலாக இருந்தால் வருஷம் முழுக்க வீட்டில் என்னை ஓட்டுவார்கள். ஓட்டட்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான் மாப்ள. இதை நான் விடுவதாக இல்லை.