கொடிக்கம்பி

தருமபுரி,
18-11-1948

சௌபாக்கியவதி தீர்த்தம்மாளுக்கு ஆசீர்வாதம்.

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் குழந்தை ராணியும் சுகம் என்று எழுத உனக்கு ஒரு கார்டுகூடக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தீபாவளிக்குப் பென்னாகரம் போனவள் நாலு நாளில் திரும்புவாய் என்று நினைத்தேன். கார்த்திகையே பிறந்துவிட்டது. உன் அண்ணன் மாதுவைச் சந்தையில் பார்த்துக் கேட்டால், "துணி காயப்போடுற கொடிக்கம்பியத் தொட்டா கை இழுக்குதாமுங்க, அதான் வரமாட்டேங்குறா" என்று நாலு பேர் நடுவில் சொல்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

உனக்காக வயர்மேனை வரவழைத்தேன். உச்சிவேளையில் வந்து மெயினிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். நானும் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமே இல்லை. நம் தெருவில் முதலில் கரண்டு வந்தது நம் வீட்டுக்கு. அன்று பார்க்க வந்தவர்களே இன்று சிரிக்கிறார்கள். அந்தி நேரத்தில் பின்கட்டில் உனக்குக் காற்றுக் கருப்பு பட்டிருக்கும் என்கிறாள் அம்மா. பூசாரியிடம் கயிறு மந்திரித்து வைத்திருக்கிறாள். வந்து கட்டிக்கொள்.

இப்படிக்கு,
குப்புராஜ்

*

பென்னாகரம்,
21-11-1948

அன்புள்ள மாமாவுக்கு, தீர்த்தம்மாள் நமஸ்காரம்.

நாங்கள் சுகம். ராணிக்கு மேல்வரிசையிலும் பல் வந்துவிட்டது. எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். நேற்று அண்ணியின் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து எழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பின்கட்டில் ஈரத் தரையில் உட்கார்ந்து, அந்தக் கம்பியில் தொங்கும் ஈரத் துணியைப் பிடித்து இழுத்தால் என்ன ஆவாள் என்றுதான் நினைத்தேன்.

மழைக்குத் துணி காயவில்லை என்று நான் முனகியதால்தானே பின்கட்டில் இரும்புக் கம்பி கட்டிக்கொடுத்தீர்கள். நீங்கள் அன்போடு அடித்த ஆணிதான். குறை சொல்லவில்லை. ஆனால் அது கட்டிய பிறகுதான் கை இழுக்கிறது. அதுவும் காலையில் இல்லை. அந்தியில் பின்கட்டு விளக்கைப் போட்டுவிட்டுத் துணி எடுக்கும்போதுதான். முழங்கை வரைக்கும் விறுவிறுவென்று ஏறுகிறது. ஒரு நாள் கையை விடவே முடியவில்லை. அத்தையிடம் சொன்னேன், உங்களிடம் சொன்னேன். அத்தை வேப்பிலை அடித்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள்.

வயர்மேன் வந்தது உச்சிவேளையில். அப்போது விளக்கு எரிந்ததா? ஒரே ஒரு நாள் மண்டியைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, விளக்கைப் போட்டு, அந்தக் கம்பியைப் பாருங்கள். அதுவரை குழந்தையோடு அங்கே கால் வைக்க எனக்குத் தைரியமில்லை. எனக்குக் காற்றுமில்லை, கருப்புமில்லை மாமா. பயம்தான் இருக்கிறது.

தங்கள்,
தீர்த்தம்மாள்

*

தருமபுரி,
26-11-1948

தீர்த்தம்மாளுக்கு,

உன் கடிதம் வந்தது. கடலைக்காய் மூட்டை வந்து குவிகிற நேரத்தில், மண்டியைப் பூட்டிவிட்டுப் பெண்டாட்டி சொன்னாள் என்று கொடிக்கம்பியைப் பிடித்து நிற்க வேண்டுமாம். படித்த வயர்மேனைவிட நீ பெரிய ஆள்.

பாப்பிரெட்டிப்பட்டி மாமா வந்திருந்தார். தை பிறந்ததும் அங்கே ஒரு பெண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொள்.

இங்கே வீடு வீடாக இல்லை. அம்மா ஒண்டியாகக் கிடந்து அல்லாடுகிறாள். இப்போது அவளுக்கும் ஒரு புதுக் கிறுக்கு. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். நான் வரும்போது பின்கட்டு இருட்டாகக் கிடக்கிறது, சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மறந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டால், துணியைத் தொறட்டிக்கோலால் தள்ளி எடுக்கிறாள். கரண்டு வந்த அன்று தெருவையே கூட்டிக் காட்டியவள் இவள்தான். மாமியாரும் மருமகளும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கிவிடுவீர்கள்.

குப்புராஜ்

*

பென்னாகரம்,
29-11-1948

மாமாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை அழவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிப் பெண்ணைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கும் கை இருக்கும், அவளும் அந்தியில் துணி எடுப்பாள். அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. போன மாதம் அந்த வெளிச்சத்தில்தான் ராணியின் சட்டைக்கு ஊசியில் நூல் கோத்துத் தைத்தார்கள். என் கண்ணை உறுத்துவது அந்தத் தொறட்டிக்கோல். காய் பறிக்கிற கோலால் எதற்குத் துணி எடுக்க வேண்டும்? நான் போன பிறகு துணி எடுப்பது அத்தைதான். உங்களுக்குப் புரியவில்லையா? கோபமாகக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். பாவம், பயந்துபோயிருப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆவதற்குள் போய்ப் பாருங்கள்.

தீர்த்தம்மாள்

*

தருமபுரி,
5-12-1948

சௌபாக்கியவதி தீர்த்தம்மாளுக்கு ஆசீர்வாதம்.

எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. மார்கழிக்கு முன்னால் வருவது நல்லது.

நடந்தது இது. நேற்று முன்தினம் நேரத்தோடு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். நீ நிற்பதுபோல ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று கம்பியைப் புறங்கையால் தொட்டேன். துவைக்கிற கல்மேல் போய் விழுந்தேன். முழங்கை வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. மறுநாள் அந்தியில் வயர்மேனை வரவழைத்து, விளக்கு எரியும்போதே பார்க்கச் சொன்னேன். மெயினை நிறுத்திவிட்டு ஆணியைப் பிடுங்கினார். சுவரில் வயர் ஓடுகிற மரப்பட்டையைத் துளைத்துக்கொண்டு, ஆணி விளக்குக்குப் போகிற வயரிலேயே இறங்கியிருந்தது. சுவிட்சைப் போட்டால்தான் அந்த வயரில் கரண்டு ஓடுமாம். அதனால்தான் உச்சிவேளையில் தெரியவில்லை. அடிக்கடி அறுந்துபோகிறதென்று பியூஸில் நான் போட்டிருந்த தடித்த கம்பியையும் எடுத்தெறிந்துவிட்டு மெல்லிய கம்பி போட்டார். வயரைப் புதிதாக இழுத்தாயிற்று. இரும்புக் கம்பி போயிற்று, வெளியே மூங்கில் நட்டுத் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கிறேன். ஆணி அடித்தது யார் என்று இப்போது பேசி ஒரு பிரயோஜனமுமில்லை.

அம்மாவிடம் தொறட்டிக்கோலைப் பற்றி மெதுவாகத்தான் கேட்டேன். கோலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். இன்று காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு பென்னாகரம் பஸ் ஏறிவிட்டாள். சண்டைக்கு வருகிறாளோ, கூப்பிட வருகிறாளோ தெரியாது. நீ கொஞ்சம் பொறுத்துப் போ.

குப்புராஜ்

*

பென்னாகரம்,
8-12-1948

அன்புள்ள மாமாவுக்கு, தீர்த்தம்மாள் நமஸ்காரம்.

முழங்கைக்கு ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டுங்கள். விழுந்தேன் என்று படித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. கல்லில் தலை பட்டிருந்தால் என்ன செய்வேன்?

அத்தை வந்துவிட்டார்கள். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலே சொன்னார்கள்: "எனக்கும் இழுத்துச்சு தீர்த்தா. நீ போன வாரமே இழுத்துச்சு. ஊரெல்லாம் உனக்குக் காத்துன்னு நானே சொல்லிப்புட்டேன். அப்பறம் எந்த வாயால எனக்கும் இழுக்குதுன்னு சொல்லுவேன்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சோறு மட்டும் போட்டேன். பஸ் ஏறும் முன்பு அத்தை நம் தெருவில் ஒரு வீடு விடாமல் போய், "எம் மருமவளுக்கு ஒண்ணுமில்ல, என் வூட்டுச் செவுருலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். அதைச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதோம்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஆணி அடித்தது யார் என்று பேசிப் பிரயோஜனமில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். திரும்பப் படிக்கச் சொன்னார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் பேச்சு அவர்களுக்குத் தெரியாதாம். அதையும் சொன்னேன். "கெழவி நானே பஸ்ஸேறி வந்து சொல்லிட்டேன். அவனுக்கு என்னவாம்? அவன் வந்து உங்கிட்டச் சொல்லட்டும். அதுவரைக்கும் நானும் அந்த வூட்டுக்கு வரல" என்று எழுதச் சொல்கிறார்கள்.

அதனால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாங்கள் வரவில்லை. நீங்கள் வாருங்கள். அவசரத்தில் அத்தை மாற்றுப் புடவை ஒன்றுதான் கொண்டுவந்தார்களாம். மற்றதையும் எடுத்துவரச் சொல்கிறார்கள், நீங்கள் சொல்ல எத்தனை நாளாகுமோ தெரியாதாம்.

தங்கள்,
தீர்த்தம்மாள்