உள்பக்கமா, வெளிப்பக்கமா

2025 ஜூலை 8, செவ்வாய்

மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் கொண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "டீச்சர், கால நேரா வச்சி எறங்குங்க" என்கிறான். நேராக இருந்தால் வைக்க மாட்டேனா? இரண்டு முழங்காலும் உள்ளுக்கு முட்டிக்கொண்டு நிற்க, பாதங்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. வலது முழங்கால் மூட்டு தேய்ந்தே முடிந்துவிட்டது. இனி மாற்றத்தான் வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

என் மூத்தவள் ஜெமீலா ராத்தா படையெடுத்து வந்தாள். அவளுக்கும் இதே கால், உம்மா வழி வந்தது. போன வருடம் முழங்கால் மாற்றினாள்.

"என்ட டொக்டர்ட்டயே போ. உள்பக்கத்தால வெட்டுறாரு. ஒலகமே அப்படித்தான் செய்யிது. என்னப் பாரேன்."

என் மகள் றிப்னாவும் தலையாட்டினாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. முழங்கால் என்னுடையதா, குடும்பச் சொத்தா?

ஜூலை 20, ஞாயிறு

புத்தளத்தில் வேறொரு டொக்டரைக் கண்டேன். சிவசுப்பிரமணியம், யாழ்ப்பாணத்துக்காரர். எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார்: "உங்கட காலில வெளிப்பக்கம் இறுகிப்போச்சு, உள்பக்கம் இழுபட்டுத் தளர்ந்திருக்கு. வழக்கமான உள்வழியால திறந்தா, தளர்ந்த பக்கத்திலயே கை வைக்கிறது. வெளிவழியால போனா, இறுகினதைத் திறக்கேக்கயே இளக்கலாம். முழங்கால் சில்லும் நடுவில நிக்கும்."

"அப்ப எல்லாரும் ஏன் உள்பக்கம் வெட்டுறாங்க?"

"பழகின வழி, இடம் நல்லாத் தெரியும். வெளிவழி கஷ்டம், மூடித் தைக்கிறதும் கஷ்டம். ரெண்டிலயும் நல்லா நடக்கிற ஆக்கள் இருக்கினம்."

என்ன விடை இது? என் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் ஒரு புள்ளியும் போட்டிருக்க மாட்டேன்.

ஜூலை 21

ராத்தா போனில் கத்தினாள். "என்ட கால நொட்ட சொல்றியா நீ?" அவள் காலைப் பற்றி நான் எப்போது வாய் திறந்தேன்! சின்ன வயதிலிருந்தே இதுதான். பெருநாளைக்கு அவள் எடுத்த துணியையே நானும் எடுக்க வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வெளிப்பக்கம். முடிவெடுத்துவிட்டேன். வியாழக்கிழமை ஒப்பரேஷன். பிழையாகிப்போனால் அது என் பிழையாகவே இருக்கட்டும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மயக்க ஊசியோடு கண் மூடி மௌத்தாகிவிட்டால் யாருக்கும் என்மேல் மனக்குறை நிற்கக் கூடாது. அதனால் வீடு வீடாகப் போய், மன்னித்துப் பொருந்திக்கொள்ளச் சொல்லி மாப்புக் கேட்டு முடித்தேன். ராத்தா வீடுதான் மிச்சம். போக மாட்டேன் என்றேன், றிப்னா இழுத்துக்கொண்டு போனாள்.

ராத்தா கதிரையில் உட்கார்ந்து அஸர் தொழுதுகொண்டிருந்தாள். முடியும்வரை நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "என்னில கொற இருந்தா பொருந்திக்கங்க."

அழத் தொடங்கிவிட்டாள். "நீதான் பொருந்தணும் ஹவ்வா. என்ட சில்லு வெளிய வழுகுது. படி எறங்க ஏலா. டொக்டர்ட்டயும் சொல்லல்ல. கனமூலை ஊர் முழுக்கப் பெருமயடிச்சிட்டேனே, எப்படிச் சொல்ற?"

"அப்ப ஏன் என்னயும் அங்கயே போகச் சொன்னீங்க?"

"ஒனக்கும் இப்படி வந்தா... நான் மட்டும் இல்லயே."

கூடப் பிறந்தவள்! தன் நொண்டிக்கு என் காலைத் துணைக்குக் கேட்டிருக்கிறாள்! "பொருந்திட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயால்தான். மனசால? இல்ல. இல்லவே இல்ல.

ஓகஸ்ட் 9

முடிந்தது. வலி உயிர் போகிறது. ராத்தா பார்க்க வந்தாளாம். உள்ளே விட வேண்டாம் என்றேன்.

ஒக்டோபர் 2, வியாழன்

கால் நேராக இருக்கிறது. தடியில்லாமல் வாசல் கேற்றடி வரை போய்வந்தேன். வெட்டின பக்கம் நல்லதா, வெட்டின கை நல்லதா என்று டொக்டரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த நம்பர்காரரைக் கூப்பிட்டார்.

ராத்தாவோடு பேச்சில்லை. அவள் அனுப்பிய வட்டிலப்பத்தைத் தொடவும் இல்லை. இன்று றிப்னாவிடம், "அந்த டொக்டரப் பார்க்க ஒன்ட பெரியும்மாக்கும் ஒரு நம்பர் எடு, சில்லக் காட்டட்டும். நான் சொன்னன்டு சொல்லிராத" என்றேன்.

"கூட ஆர் போற?" என்று கேட்டாள்.

அந்த ஆஸ்பத்திரிப் படியில் அவள் தனியாக இறங்குவாளா? நான்தான் போக வேண்டும். வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.