மூன்று குருவித் தோரணம்

மாரிச்செல்வி அப்பா,

ஆஸ்பத்திரியில் எனக்குக் காலை டூட்டி. ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். உளுந்தங்கஞ்சி அடுப்பு மேல் இருக்கிறது. ராத்திரியும் நீங்கள் சாப்பிடவில்லை, சூடாக்கிக் குடியுங்கள்.

உங்கள் தங்கச்சி வடிவு பத்து மணி போல வள்ளியூரிலிருந்து வருகிறாள். அவளுக்குப் பொங்கல்படிச் சீராகக் கொடுக்க எள்ளுருண்டை செய்து ஓலைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். டூட்டி முடிந்து வந்து இரண்டு நாள் உருட்டியதில் கை இன்னும் வலிக்கிறது. "கடையில வாங்கிருக்கலாம்லா" என்று அவள் முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

வாசல் தோரணத்தை அவிழ்த்துவிட்டேன். நேற்று நீங்கள் துக்க வீட்டுக்குக் கட்டுவதுபோல ஓலையில் மூன்று குருவி மடித்துத் தலைகீழாகக் கட்டியிருந்தீர்கள். பார்த்ததும், "இங்கன யாரு செத்துக் கெடக்காவன்னு இதக் கட்டியிருக்கிய?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். நீங்கள் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டீர்கள்.

படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமா, உங்கள் அப்பா, இறந்த அன்று கட்டியதுதான் நீங்கள் கட்டிய ஒரே தோரணம். நல்லதுக்கெல்லாம் மாமாதானே கட்டுவார். அந்தத் துக்கத்தில் போன வருஷம் நாம் பொங்கலும் வைக்கவில்லை.

மிச்சக் குருத்தோலை ஈரத்துணியில் இருக்கிறது. வடிவு வருவதற்குள் நல்லதுக்குக் கட்டுவதுபோல நாலு குருவியாக மடித்து, தலை மேலே பார்க்கக் கட்டிவிடுங்கள்.

செல்வமணி

ஓலைப்பெட்டியைப் பரணிலிருந்து எடுத்தபோது அடியில் ஒரு பழைய தோரணம் காய்ந்து கிடந்தது. மாமா கடைசிப் பொங்கலுக்குக் கட்டியது. மேஜையில் வைத்திருக்கிறேன். பையப் பிரித்துப் பாருங்கள், மடிப்பு தெரியும். ஒடிந்தால் ஒடியட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.