சிவப்புக் கோட்டில் நின்ற முள்

அக்கா,

இன்று காலை பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு மீன்கடையின் குளிர்பெட்டியைத் திருத்த, அதன் பின்னால் குந்தியிருந்தேன். கம்பிரசர் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் எண்ணெய் வாசம் மேலே வந்தது. அந்த வாசம் பட்டால் எனக்குக் கை ஓடாது. கண் தானாகச் சூடு காட்டும் மானியின் முள்ளைத் தேடும். குளிர்பெட்டியில் இருந்தது சும்மா ஒரு வெப்பமானிதான். அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் போல, கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன அண்ணை, அதையே முழுசிக்கொண்டு நிக்கிறியள்? இஞ்சை மீன் எல்லாம் இளகுது."

"பொறுங்கோ, இப்ப முடிஞ்சிடும்" என்றேன். முடித்தும் கொடுத்தேன். ஆனால் வெளியே வந்தபின் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. லா சப்பல் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே மேலும் கீழுமாக நடந்தேன். கோபம் வந்தால் நான் நடப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு முள் மீது கோபப்படுகிறேன் என்று சொன்னால் என் மனைவி டாக்டரிடம் கூட்டிப்போவாள். உங்களிடம் மட்டும்தான் சொல்லலாம்.

நாம் பழகியதும் இப்படி ஒரு குளிர்பெட்டியடியில்தான். இரண்டாயிரத்து ஒன்பது கழிந்திருந்த நேரம். அந்த வருடம் இங்கே எல்லோரும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து ஒரு குரல் வராதா என்று அலைந்தோம். என் அண்ணரின் குரல் வரவில்லை. அதன்பிறகு ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் இருப்பது எனக்கு மறந்துபோனது. நீங்கள் வஞ்சிரம் வாங்க வந்திருந்தீர்கள். நான் தரையில் படுத்துச் செப்புக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் குனிந்து என் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"தம்பி, உனக்கு அலுமினியத் தகட்டுல ரிவெட் அடிக்க வருமா?"

"ஓம், வரும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வா. ஒரு ஏரோப்ளேன் கட்டிக்கிட்டிருக்கேன்."

விசர் பிடித்த மனுசி என்று நினைத்தேன். ஆனாலும் வந்தேன். பாரிசுக்கு வடக்கே, பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் ஒரு புல்தரை, அதன் ஓரத்தில் ஒரு கொட்டகை, அதற்குள் இறக்கை இல்லாமல் உங்கள் விமானம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது. பொபினியில் ஓர் அரச அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, மற்றவர்களின் பயணத்தாள்களைப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் நீங்கள். "எல்லாரும் எங்கெங்கயோ போனாங்க. நான் முத்திரை குத்தினேன்" என்றீர்கள் அன்று. ஓய்வு பெற்றதும் உங்கள் கையால் கட்டியதை உங்கள் கையால் ஓட்டிக்கொண்டு தியெப் கடற்கரை வரை போய், மேலிருந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை. புதுச்சேரிக் கடற்கரையில் வளர்ந்தவருக்கு இன்னொரு கடல் எதற்கு என்று கேலி செய்தேன். "அந்தக் கடலுக்கு எங்கப்பா கையைப் புடிச்சுக்கிட்டுப் போனேன். இது நானே போறது" என்றீர்கள்.

எத்தனை ஞாயிறுகள் என்று நான் எண்ணவில்லை. விமானம் பறந்தது. பறந்த முதல் நாளே நமக்குப் பேய் பிடித்தது. மேலே ஏற ஏற எண்ணெய்ச் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகரும். விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி ஓட்டினால் முள் இறங்கும், ஆனால் நிம்மதியாக நிற்காது. எண்ணெய் அளவு மீறிச் சூடானால் தண்ணீராக இளகிவிடும், இரும்போடு இரும்பு உரசும், ஆகாயத்தில் இயந்திரம் நின்றுவிடும். அதற்குப் பயந்து நீங்கள் கொட்டகையை விட்டு அதிக தூரம் போகவில்லை. வட்டமடிப்பீர்கள், முள்ளைப் பார்ப்பீர்கள், இறங்கிவிடுவீர்கள்.

குளிர்விக்கிற வேலைதானே, அது எனக்குத் தெரியாதா என்று மார்தட்டிக்கொண்டு இறங்கினேன். எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்குக் காற்று வரும் வாயைப் பெரிதாக்கினேன். முள் அசையவில்லை. உள்ளே வந்த காற்று வெளியே போக இடம் இல்லை என்று நீங்கள் சண்டை பிடித்தீர்கள், அதையும் வெட்டினோம். காற்று ஒழுகும் இடுக்குகளை எல்லாம் ரப்பர் வைத்து அடைத்தோம். பெரிய கூலர் ஒன்று போட்டோம். பிறகு செய்த ஒவ்வொன்றுக்கும் முள் கொஞ்சம் இறங்கும், நமக்கு ஆசை காட்டும், அடுத்த வெயிலில் பழையபடி ஏறும்.

முள்ளே பொய் சொல்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதையும் விடவில்லை. சூட்டை அறியும் கருவியைக் கழற்றி, முள்ளையும் கூடவே கொண்டுவந்து, உங்கள் சமையலறையில் சோற்றுப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, கார் பேட்டரியில் மாட்டிப் பார்த்தோம். முள் நூறில் வந்து ஆடாமல் நின்றது. உங்கள் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னிக்கு இரும்பு ரசமா?" என்றார். சிரித்து முடிய நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். முள் உண்மை பேசுகிறது என்றால் குற்றம் இயந்திரத்தில்தான் என்று முடிவு கட்டினோம்.

உங்களிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக இறக்கையில் இருந்த முன்விளக்கைப் போடுவீர்கள். மற்ற விமானிகள் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் போடுவார்கள். உங்களுக்கு அது பட்டப்பகலிலும் எரியவேண்டும். ஏன் என்று கேட்டால், "நல்ல காரியத்த விளக்கேத்தாம ஆரம்பிப்போமா? நடுவுல அணைப்போமா?" என்பீர்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே. விமானம் தரையில் நின்று இயந்திரம் அடங்கும்வரை அந்த விளக்கு ஒருநாளும் அணைந்ததில்லை.

கடைசிக் கோடையில் நீங்கள் அவசரப்பட்டீர்கள். இலையுதிர் காலத்தில் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை இருந்தது. இதயம் சரியில்லை, இம்முறை அனுமதி கிடைக்காது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு நீங்கள் சொல்லவில்லை, பிறகுதான் அறிந்தேன். "நாளைக்குப் போறோம் தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள்.

போனோம். முள் சிவப்புக்குக் கீழே அடங்கி இருந்தது. நீங்கள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினீர்கள். வெயில் ஏறியது. வயல்கள் முடிகிற இடத்தில், தூரத்தில், வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கடல்தான். நான் கையை நீட்டிக் காட்டினேன். நீங்கள் கடலைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது சிவப்பைத் தொட்டிருந்தது. வேகத்தைக் குறைத்தீர்கள், மூக்கைத் தாழ்த்தினீர்கள். முள் இறங்கவில்லை.

"அக்கா, இன்னும் கொஞ்சத் தூரம்தானே. பாத்திட்டுத் திரும்புவம்."

"முள்ளு சிவப்புல இருக்கு."

"எண்ணெய் அழுத்தம் குறையேல்லை, பாருங்கோ. அவ்வளவு சூடெண்டால் அது விழுந்திருக்க வேணுமெல்லோ?"

"அப்ப ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு மேல இருந்துக்கிட்டு கண்டுபிடிக்க வேணாம்."

சொல்லிக்கொண்டே திருப்பிவிட்டீர்கள். வழியில் கண்டிருந்த ஒரு சின்னப் புல்தரையில் இறக்கினீர்கள். நான் கோபத்தில் இறங்கிப் போய் வேலியைச் சுற்றி நடந்தேன். நீங்கள் இறக்கையின் நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி வைத்துவிட்டு, "கடல் அங்கதான் இருக்கும், வா சாப்பிடு" என்றீர்கள். எண்ணெய் ஆறியபின் மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு வந்தோம்.

அடுத்த கிழமை முழுக்க மழை. அதற்கு அடுத்ததும் மழை. பிறகு டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு நீங்கள் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் கொட்டகைச் சாவியை என் கையில் வைத்து, "எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீயே பாத்துக்க" என்றார். இயந்திரம் துருப்பிடிக்கக்கூடாது என்று போய்ப் போய், உங்கள் வழக்கப்படி விளக்கையும் போட்டு, ஓடவிட்டு வந்தேன். ஒருநாள் நெடுநேரம் ஓடியும் முள் வழமையைவிட மிகவும் கீழே நின்றது. குளிர்நாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், முன்விளக்கு எரியவில்லை. பல்பு போயிருந்தது. புதியதைப் போட்டு, மறுபடி இயந்திரத்தை ஓட்டி, விளக்கைப் போட்டேன். முள் துள்ளி மேலே போனது. அணைத்தேன், விழுந்தது. எண்ணெய் கண் இமைக்கும் நேரத்தில் சூடாகி ஆறாது, அக்கா.

இயந்திரத்திலிருந்து விமானத்தின் உடம்புக்கு வரும் எர்த் கம்பியைக் கழற்றினேன். நாம் ஆசை ஆசையாகப் பூசிய நீல வண்ணத்தின் மேலேயே அதை முடுக்கியிருந்தோம். அடியில் இருந்த அலுமினியத் தகட்டை அது சரியாகத் தொடவில்லை. விளக்கு இழுக்கிற மின்சாரம், முள்ளுக்கும் பொதுவான அந்த வழியால் திணறிப் போய், முள்ளை மேலே தள்ளியிருக்கிறது. சமையலறையில் விளக்கும் இல்லை, அந்தக் கம்பியும் இல்லை, அதனால் முள் உண்மை பேசியது. விளக்கை ஒருநாள் அணைத்துப் பார்த்திருந்தால் கண்டிருப்போம். வண்ணத்தைச் சுரண்ட எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. சுரண்டி முடித்து, தரையில் உட்கார்ந்து, அழுதேன். பிறகு சுவரில் உதைத்தேன். கால் வீங்கியது.

அன்று முதல் இதைத்தான் தூக்கித் திரிகிறேன். நீங்கள் திரும்பியது சரி. உங்களுக்குத் தெரிந்ததை வைத்து வேறு எதுவும் செய்ய முடியாது. பொய் சொன்னது எது என்பதைத் தரையில்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றீர்கள், தரையில்தான் கண்டுபிடித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, என் மனம்தான் ஆறமாட்டேன் என்கிறது. ஆசைப்பட்டது கண்ணுக்குத் தெரிந்தபின்னும் திரும்பக்கூடிய ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு மெல்லிய நீலப் பூச்சுக்காக நீங்கள் திரும்பியதை என்னால் பொறுக்கவும் முடியவில்லை.

போன ஞாயிறு, பக்கத்துக் கொட்டகைப் பிரெஞ்சுக்காரர் நம் விமானத்தை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து தியெப் போனேன். முள் நடுவில் நின்றது. நீங்கள் திரும்பிய இடத்தைத் தாண்டினோம்.

விமானம் பத்திரம் என்று சொல்ல மாலையில் உங்கள் வீட்டுக்காரரிடம் போனேன். "கடல் வரைக்கும் போனீங்களா?" என்று கேட்டார்.

"போனனாங்கள். ஒரே மேகம். ஒண்டும் பெரிசாத் தெரியேல்லை."

"அப்ப அவ ஒண்ணும் இழக்கல" என்று சொல்லித் தேநீர் ஊற்றினார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தார். நானும் குடித்துவிட்டு வந்தேன்.

அது பொய், அக்கா. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. வெள்ளைப் பாறை திடீரென்று முடிந்தது. நம் விமானத்தின் நிழல் புல்லில் ஓடிவந்து, பாறை விளிம்பில் காணாமல் போய், கீழே தண்ணீரில் சின்னதாக மறுபடி தெரிந்தது. கரையோரம் பச்சை, அப்பால் முழுக்க நீலம். நான் என்னை அறியாமல் இடப்பக்கம் திரும்பி, "அக்கா, அங்கை பாருங்கோ" என்று கத்திவிட்டேன். உங்கள் இருக்கையில் இருந்த பிரெஞ்சுக்காரர் என்ன சொன்னாய் என்று கேட்டார்.