ரப்பர் தோட்டத்தில் ஒரு ரப்பர் குழாய்

ஆனி 8, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். கிழங்கு காயப் போட நல்லது. வேறு எதற்கும் நல்லதில்லை.

நேற்று தோட்டத்து லாரியில் சிரம்பானுக்கு அரிசி எடுக்கப் போன என் வீட்டுக்காரர் இன்று மத்தியானம் நடந்து வந்து சேர்ந்தார். லாரி அம்பாங்கான் தாண்டி ஒரு மேட்டில் நிற்கிறதாம். முன்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. வெந்நீர் முகத்தில் அடிக்காமல் தப்பியது அம்மன் புண்ணியம். குழாய்க்குத் தலைமுண்டாசைச் சுற்றிக் கட்டி, வழியெல்லாம் ஓடைத் தண்ணீர் மொண்டு ஊற்றி, அதுவரை ஓட்டி வந்திருக்கிறார். முண்டாசு போயிற்று. இருந்ததே ஒன்று.

வந்தவர் முதலில் கேட்டது சாப்பாடு இல்லை. "அரிசி மூட்டைக்கு ஆள் அனுப்பினாங்களா?"

இரண்டு ஜோடி மாடு கட்டி லாரியை இழுத்து வந்தார்கள். தோட்டமே வேடிக்கை பார்த்தது. மாடு இழுத்து லாரி வந்தது இதுதான் முதல் தடவை என்று அஞ்சலை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரி. எதற்கும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனி 9, புதன்

மனசில் ஒரே பயம். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்துக்கு எல்லாம் கணக்கு எழுதுகிற பெரிய கிராணிதான். அவருக்கு மேலே சிரம்பானில் ஜப்பான்காரன். சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறான். தோட்டத்தில் அவசிய வேலை இல்லாதவர்கள் முதலில் போக வேண்டும் என்று உத்தரவு. மேட்டு லயத்து வீடுகளிலிருந்து போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு சேதியும் இல்லை.

லாரி ஓடினால் அவர் டிரைவர். ஓடாவிட்டால் வேலையில்லாத ஆள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கிராணி எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டார், லாரி எப்போது ஓடும் என்று. சிரம்பானில் குழாய் கிடைக்காது, இங்கேயே செய்துகொள்கிறேன் என்றார் இவர், ஏதோ தோசை சுடுகிற மாதிரி. கிராணி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். முறைப்புக்காரர்.

இவருடைய தைரியம் எங்கிருந்து வருகிறதோ. வீட்டுக்கு வந்து, எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். "தெரியல. செஞ்சா தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கைத் தின்றார். இந்த மனுஷனை என்ன செய்வது.

ஆனி 10, வியாழன்

ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமா என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். நான் வேலை செய்கிற புகைக் கொட்டகையிலிருந்து நல்ல ரப்பர் சீட்டாக எடுத்துக் கொடுத்தேன். வெடித்த இடத்தில் ஐந்தாறு சுற்று சுற்றி, வேலிக் கம்பியால் இறுக்கினார். பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீர் ஊற்றினோம். ஒழுகவில்லை. இன்ஜினை முடுக்கினார்.

சூடு ஏறினதும் சீட்டு இளகியது. பிறகு வெல்லப்பாகு மாதிரி வழிந்து இன்ஜின் முழுக்க ஒட்டிக்கொண்டது. நாற்றம் வேறு. இத்தனை வருஷம் கித்தாக் காட்டில் ரப்பர் மரம் சீவி, பால் எடுத்து, சீட்டு அடித்து, புகை போட்டு அனுப்பியிருக்கிறோம். பச்சை ரப்பர் வெந்நீர்ச் சூட்டுக்கு நிற்காது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. செய்து அனுப்புவதோடு சரி, அதற்கு மேல் கப்பலுக்குத் தெரியும்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சாயங்காலம் வரை மண்ணெண்ணெய் இல்லாமல், தகரத் துண்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒரு கெட்ட வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. நான் என்றால் தோட்டத்தையே வைதிருப்பேன்.

ஆனி 11, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் ரஹாங்கில் ஒரு சீனன் கடையில் டயருக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் பொடி ஒன்றைச் சேர்த்து, சூட்டில் வைத்து அழுத்தி எடுப்பானாம். வெந்த பிறகு அது இளகாது. மஞ்சள் பொடி கந்தகம்தான். நாற்றத்தில் தெரிந்ததாம்.

கந்தகத்துக்கு எங்கே போவது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ரப்பர் இலையில் சாம்பல் பூத்தால் அடிக்கக் கந்தகப் பொடிதானே தருவார்கள். கலியாணத்துக்கு முந்தின வருஷம் நானே அந்தப் பொடி சுமந்து, கண் எரிந்து அழுதிருக்கிறேன். மருந்துக் கிடங்கில் ஒரு சாக்கு மிச்சம் இருக்கத்தானே வேண்டும்.

இருந்தது. ஈரத்தில் கல்லாக இறுகிப்போய். உரலில் போட்டு நான் இடித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது போதும்.

இன்றிரவு கிழங்குதான். நாளைக்கும்.

ஆனி 13, ஞாயிறு

நேற்று முழுக்க இதே வேலை. எழுத நேரமில்லை.

செய்த விதம், மறக்காமல் இருக்க: லாரியின் கிழிந்த மேல்துணி, நல்ல கித்தான், பட்டை பட்டையாகக் கிழித்தது. வடிகட்டின ரப்பர் பாலில் கந்தகத்தைக் குழைத்து, துணியை முக்கி, நிழலில் காயவைத்து, மறுபடி முக்கி. குழாய்க் கனத்துக்கு ஒரு மரக் கட்டையைச் சீவி, சோப்பு தடவி, அதன் மேல் சுற்றிச் சுற்றி. வெளியே ஈரத் துணியால் இறுக்கக் கட்டு.

சோப்பு என்று எழுதுகிறேன், அது சாம்பலும் செம்பனை எண்ணெயும். பரவாயில்லை.

வேகவைப்பதில்தான் சண்டை. வெந்நீரில் போட்டால் போதும் என்றார். போட்டார். வேகவில்லை, நகத்தால் கீறினால் பிசுபிசுப்பு. நெருப்பில் காட்டினார். ஒரு பக்கம் கருகிப் போயிற்று. ஒரு நாள் உழைப்பு. குப்பையில் எறிந்துவிட்டு, முக்கிக் காயவைத்திருந்த அடுத்த துணியை எடுத்தார், பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி. இந்த மனசு எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

கச்சான் கடலை வறுக்கிற மாதிரி மணலில் வறுத்தால் என்ன என்றேன். கச்சானை நெருப்பில் போட்டால் கரியும், மணலில் புதைத்தால் உள்ளே வரை பக்குவமாக வேகும். அவர் எழுந்து போய் ஒரு தகர டிரம்மும் ஆற்று மணலும் கொண்டுவந்தார். மணல் சூட்டைப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. காகிதத் துண்டைச் செருகி எடுத்தால் பழுப்பாக வேண்டும், கருகக் கூடாது. கருகினால் விறகை இழு, வெளுத்திருந்தால் தள்ளு. நாள் முழுக்க இதுதான். கை மயிர் பொசுங்கிவிட்டது.

கட்டையிலிருந்து உருவியபோது அது குழாய். கறுப்பு. வளைத்தார், வளைந்தது. விட்டார், நிமிர்ந்தது. என் கையில் கொடுத்தார். குழந்தையை வாங்குகிற மாதிரிதான் வாங்கினேன், வேறு எப்படி எழுதுவது.

ஆனி 15, செவ்வாய்

தூறல். லாரி சிரம்பான் போய் அரிசியோடு திரும்பிவிட்டது!

ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில்தான் ஓடுகிறது. வண்டி வருவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடும். இன்று அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து ஓடினேன். பாதி வழியில் வெட்கம் வந்து நடந்தேன்.

மேட்டில் ஒரு தடவை நிறுத்தித் தொட்டுப் பார்த்தாராம். கொதிக்கிற சூடு, ஒரு துளி கசியவில்லை. வேலை வாங்குகிற தண்டல் வந்து பார்த்தார். மாட்டுக்காரர் வந்து பார்த்தார். மேட்டு லயத்துப் பெண்கள்கூட வந்து விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கிராணி பானட்டைத் திறக்கச் சொல்லி நெடுநேரம் குனிந்து நின்றார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "நல்ல வேலை" என்றார். அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை!

இவருக்குத் தலைகால் புரியவில்லை. அடக்கமெல்லாம் இவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. வருகிறவனுக்கெல்லாம் முதலிலிருந்து கதை. கச்சான் யோசனை என்னுடையது என்பதையும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். நான் அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டேன்.

உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். உப்பு கிடைக்காத காலத்தில் உப்பை நெருப்பில் போடுகிறாயே என்றார். போட்டது நாலு கல் உப்பு.

ஆனி 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

ஜப்பான் அதிகாரி ஒருவன் கிழங்குத் தோட்டம் பார்க்க வந்தான். கூடவே மலாய் பேசுகிற ஒரு மொழிபெயர்ப்பாளன். தமிழ் தெரியாதவன். அவர் மூங்கில் வெட்ட ஆற்றங்கரைக்குப் போயிருந்தார். கொட்டகை வாசலில் லாரி நின்றது. அதிகாரி பானட்டைத் தூக்கினான். குழாயைக் கண்டான். கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினான், அமுக்கினான், முகர்ந்தான். தனக்குத்தானே ஏதோ சொல்லித் தலையை ஆட்டினான். மெச்சுகிறான். எந்த பாஷையானாலும் மெச்சுவது தெரியாதா.

"சியாப்பா பூவாட்?" யார் செய்தது என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டான். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையில்தான் பார்த்தார்கள், பாவம். அவன் என்னிடம் வந்தான். உன் புருஷனா, ரொம்பக் கெட்டிக்காரன், சயாமில் இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும், அங்கே லாரிகள் நிறைய நிற்கின்றன என்றான். நோட்டை விரித்தான்.

"லாக்கி பூஞா நாமா?"

புருஷன் பெயர். பெற்ற தாயிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. வாய் தானாகப் பெயரைச் சுற்றிக்கொண்டு, அதே பெயருள்ள சாமி இருக்கிற இடத்தைச் சொல்லப் போயிற்று.

"பத்துமலையில இருக்கிற சாமி..."

முதல் வார்த்தையிலேயே அவன் எழுதி முடித்துவிட்டான். "பத்துமலை. பாகுஸ்." நல்லது என்று சொல்லி நோட்டை மூடினான். கார் போய்விட்டது.

அஞ்சலை அக்கா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

சயாம் என்று அவன் சொன்ன பிறகுதானே பெயரைக் கேட்டான். அப்படியானால் நான் வேண்டுமென்றே சொன்னேனா? இல்லை, எவன் எப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்கே தெரியவில்லை.

அவர் வந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பேர்ல வேற எவனாச்சும் இருந்தா?" என்றார். அதுவரை என் புத்தியில் அது ஏறவேயில்லை. இருவருமாக ஒவ்வொரு லயமாக, ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தோம். ஆறுமுகம் இருக்கிறான், பழனியாண்டி இருக்கிறான், கந்தன் மூன்று பேர். பத்துமலை இல்லை. நினைத்துப் பார்த்துக்கொண்டே போய், குழாயின் மேல் சேற்றைப் பூசி, பழஞ்சாக்கைச் சுற்றி, கண்டபடி கயிற்றைக் கட்டினார். இப்போது பார்த்தால் பிச்சைக்காரன் கால் கட்டு. அழகாக இருந்ததுதான் வினை.

ஆனி 20, ஞாயிறு

உத்தரவு வந்துவிட்டது. பத்துமலை என்ற ஆளை நாளைக்குள் சிரம்பானுக்கு அனுப்ப வேண்டும். பெயர் மட்டும்தான். வேறு விவரம் இல்லை.

கிராணி இவரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பின்னாலேயே போனேன். கூப்பிடவில்லை, போனேன். என் காலில் செருப்புகூட இல்லை.

குழாய் செய்தது யார் என்று அவருக்குத் தெரியாதா. குனிந்து பார்த்தவர்தானே. எங்கள் இருவரையும் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு பதில் எழுதி, எங்கள் முன்னாலேயே மையை ஒற்றினார். பொய் என்று பிடித்தால் முதலில் அடி விழுவது அவருக்கு. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிராணி கையைக் காட்டி நிறுத்தி, தம் ஊர்த் தமிழில் சொன்னார்.

"மெய்யைத்தான் எழுதியிருக்கிறன். பத்துமலை எண்டு எங்கட தோட்டத்தில ஒருத்தரும் இல்லை. நீ போய் லாரியைப் பார்."

இந்த மனுஷரை முறைப்புக்காரர் என்று எழுதி வைத்திருக்கிறேனே. காலில் விழத் தோன்றியது. விழுந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று வந்துவிட்டேன்.

ஆனி 22, செவ்வாய்

காலையில் மழை. கிழங்கை உள்ளே எடுத்தாயிற்று.

நேற்று முழுவதும் கார் சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருந்தது. வரவில்லை. இனி வரமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. நேற்று வரவில்லை, அவ்வளவுதான். பயமாகத்தான் இருக்கிறது.

இன்று அரிசி முறை. குழாயில் சாக்குக் கட்டோடு லாரி முடுக்கி நின்றது. அவர் படியில் கால் வைத்தார். இத்தனை வருஷமாக "இந்தாங்க", "ஏங்க" என்று கூப்பிட்டே காலம் போயிற்று. பக்கத்தில் ஒருவரும் இல்லை. குரலைத் தாழ்த்தி, "பத்துமலை" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தார்.